தென்கடலில் ஆரஞ்சு ரஃபி கிடைக்குமா?

தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய மைத்துனர் நியூசிலாந்தில் இருக்கிறார். அங்கே ஆரஞ்சு ரஃபி என்று ஒரு மீனை வாங்கிச் சமைத்திருக்கிறார், வெள்ளைச் சதை, முள் இல்லாமல் துண்டு போட்டு விற்கிறார்களாம், விலையும் நல்ல விலை. அது கடலுக்கு அடியில் மலை மாதிரிக் கூட்டமாக நிற்கும், ஒரே இழுப்பில் படகு நிறைந்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள் மானியத்தில் ஆழ்கடல் படகு வாங்குகிறார்களே, மன்னார் வளைகுடாவில் ஆழத்துக்குப் போனால் இந்த மீன் சிக்குமா என்பது கேள்வி. கூடவே, தூத்துக்குடியில் ஆழ்கடல் இறால் படகில் போகும் நண்பர் அனுப்பிய ஒரு சிவப்பு மீனின் படத்தையும் காட்டி, இது அதுதானா என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: சிக்காது. இரண்டாவதற்கு: அதுவே இல்லை, அதன் சொந்தக்காரனாக இருக்கலாம். ஆனால் இதோடு விட்டால் விஷயம் போய்விடும், ஏனென்றால் இந்தக் கேள்விக்குள் இருக்கிற "கூட்டமாக நிற்கும்" என்ற வார்த்தையை நம்பித்தான் நியூசிலாந்துக்காரனும் ஆஸ்திரேலியாக்காரனும் நமீபியாக்காரனும் வரிசையாகக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். நான் பாம்பன் பக்கத்துக்காரன், கடல் உயிரியல் படித்தவன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பம். "ஆழ்கடல் மீன்பிடிப்பு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் தூரக் கடல் மீன்பிடிப்பு. கீழே ஆயிரம் மீட்டர் தண்ணீர் இருக்கும், ஆனால் நாம் பிடிப்பது மேல் நூறு இருநூறு மீட்டருக்குள் ஓடுகிற சூரை, கொப்பரன், மயில் மீன்கள். 2017இல் தொடங்கிய திட்டமும் அதுதான்: பாக் நீரிணையில் ஓடும் இழுவை விசைப்படகை ஒப்படைத்துவிட்டு, ஆயிரந்தூண்டிலும் செவுள்வலையும் போடுகிற சூரைப் படகு வாங்குவது, அப்போது படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். சூரை ஆழ்கடலில் *மேலே* இருக்கும் மீன். ஆரஞ்சு ரஃபி ஆழ்கடலின் *ஆழத்தில்* இருக்கும் மீன். இரண்டுக்கும் படகும் வலையும் ஒன்றல்ல, அதைவிட முக்கியம், இரண்டின் வாழ்க்கையும் ஒன்றல்ல.

ஆழம் எவ்வளவு என்பதை நம் கணக்கில் சொல்கிறேன். வடகடலில், அதாவது பாக் நீரிணையில், பெரும்பாலான இடத்தில் ஏழெட்டுப் பாகத்துக்குள் (ஒரு பாகம் ஆறடி) தரை தட்டிவிடும். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, வேறு; தீவுகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் சரிவாகப் போய் அப்புறம் சட்டென்று இறங்கும். ஆரஞ்சு ரஃபி இருப்பது பெரும்பாலும் 700 முதல் 1300 மீட்டர் ஆழத்தில். 1000 மீட்டர் என்றால் ஏறக்குறைய 550 பாகம். அந்த ஆழத்தில் மடியை, அதாவது இழுவலையை, இழுக்க வேண்டுமானால் ஆழத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு நீளத்துக்கு இரும்பு வடம் விட வேண்டும், அதைச் சுருட்ட வின்ச் வேண்டும், அந்த வின்ச்சைத் தாங்குகிற கப்பல் வேண்டும். நம் படகு அதற்குச் செய்தது இல்லை.

சரி, மீனைப் பார்ப்போம். விலங்கியல் பெயர் ஹாப்லோஸ்தீதஸ் அட்லாண்டிகஸ். 1889இல் கோலெட் என்பவர் இதை முதலில் விவரித்து எழுதினார். அதன் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் ஸ்லைம்ஹெட், அதாவது சளித்தலையன். அந்தப் பெயரில் விற்றால் யார் வாங்குவார்கள்? அதனால்தான் சந்தைக்கு வந்தபோது ஆரஞ்சு ரஃபி என்ற பெயர் முன்னால் வந்து உட்கார்ந்தது. ஆளைப் பார்த்தால் பழைய பெயர்தான் பொருத்தம். தலை பெரியது, எலும்பு மேடும் பள்ளமுமாக இருக்கும், அந்தப் பள்ளங்களில் தோலுக்கடியில் சளி ஓடும் குழிகள். பக்கவாட்டில் தட்டையான உடம்பு, பெரிய கண், மேல்நோக்கித் திறக்கும் வாய், வயிற்றின் விளிம்பில் ரம்பம் மாதிரி தடித்த செதில் வரிசை. பெரும்பாலும் 30 முதல் 40 சென்டிமீட்டர். 75 சென்டிமீட்டர், 7 கிலோ வரை போனதும் உண்டு. உயிரோடு இருக்கும்போது செங்கல் சிவப்பு; செத்த பிறகுதான் ஆரஞ்சுக்கு மங்கும். கடைக்காரன் பார்த்த நிறத்தை வைத்துப் பெயர் வைத்திருக்கிறான்.

அவ்வளவு ஆழத்தில் சிவப்பு எதற்கு? சிவப்பு ஒளி கடலில் முதல் சில பத்து மீட்டரிலேயே கரைந்துவிடும். அதனால் கீழே சிவப்பு மீன் கறுப்பு மீன்தான், யார் கண்ணுக்கும் தெரியாது. கீழே வெளிச்சம் என்று இருப்பதெல்லாம் உயிர்கள் தாமே உண்டாக்கும் நீலம் கலந்த வெளிச்சம், அதையும் சிவப்புத் தோல் திருப்பி அனுப்பாது. இது ஏதோ அதிசயம் என்று நினைக்க வேண்டாம், வடகடலில் கூடை கூடையாக வருகிற நம் காரல் மீனுக்கும் தொண்டைக் குழாயைச் சுற்றி ஒளிவிடும் பாக்டீரியா வாழும் உறுப்பு உண்டு. காரலை இருட்டில் வைத்து யாரும் பார்ப்பதில்லை, குழம்பில் வைத்துத்தான் பார்க்கிறோம்.

இந்த மீன் இருக்கும் தண்ணீர் குளிர், சுமார் 4 முதல் 7 டிகிரி. இருக்கும் கடல்கள்: வட அட்லாண்டிக்கில் ஐஸ்லாந்திலிருந்து மொராக்கோ வரை, நமீபியா, தென்னாப்பிரிக்கா, இந்தியப் பெருங்கடலின் தென்மேற்குப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தெற்கு, நியூசிலாந்து, சிலி. வெறும் சேற்றுத் தரையிலும் இருக்கும், ஆனால் அது கூடி நிற்கும் இடம் கடலடி மலைகளும் சரிவுகளும் பள்ளத்தாக்கின் ஓரங்களும். நம் ஆட்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிற இடத்தில் மீன் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பாரை நானூறு ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு வளர்த்து, ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வைத்துப் பாருங்கள். நீரோட்டம் அந்த மலையில் மோதித் திரும்பும்போது சிறு இறால்களையும் கணவாயையும் விளக்கு மீன்களையும் கொண்டுவந்து சேர்க்கும். ரஃபி அலைந்து திரிந்து வேட்டையாடுவதில்லை, சாப்பாடு வருகிற வாசலில் நிற்கிறது. ஆனால் அந்த ஓட்டத்தில் நிலையாக நிற்பதற்கே உடம்பில் வலு வேண்டும், அதனால்தான் மற்ற ஆழ்கடல் மீன்கள் மாதிரி நீர்த்துப்போன கொழகொழ உடம்பு இதற்கு இல்லை, கெட்டியான சதை. மனிதனுக்குப் பிடித்துப்போனதும் அந்தச் சதைதான்.

இதன் வயிற்றுக்குள் இருக்கும் பை ஒரு தனிக் கதை. களவாயை முப்பது பாகத்திலிருந்து தூண்டிலில் வேகமாகத் தூக்கினால் என்ன ஆகும்? காற்றுப்பை விரிந்து வயிறு வாய் வழியாகப் பிதுங்கி நிற்கும், கண் வெளியே தள்ளும். பார்க்காத மீனவர் கிடையாது. கூறல் மீனில் இருக்கும் அந்தப் பையைத்தான் நெட்டி என்று தங்கம் மாதிரி நிறுத்து விற்கிறோம். ஆனால் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல நூறு மடங்கு, அங்கே காற்றை அடைத்து வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது கஷ்டம். அதனால் வளர்ந்த ரஃபியின் பையில் காற்றுக்குப் பதில் மெழுகு மாதிரியான எண்ணெய். சதையிலும் தோலுக்கடியிலும் அதே மெழுகு எண்ணெய்தான். அது தண்ணீரைவிட லேசு, அமுங்காது, மீன் மிதப்பதற்குக் காற்றை நம்ப வேண்டியதில்லை. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது; தோலோடு கொழுப்படுக்கையும் சேர்த்துத் தடிமனாகச் சீவாமல் சாப்பிட்டால் வயிறு ஓடும், அதுவும் எண்ணெயாக ஓடும். மைத்துனர் வாங்கிய துண்டு தோலில்லாமல் வந்ததற்குக் காரணம் அழகு இல்லை. சீவி எடுத்த எண்ணெயையும் வீணாக்கவில்லை, அழகுசாதனப் பொருட்களில் சேர்த்தார்கள்.

அந்தக் காற்றில்லாத பையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இனப்பெருக்கம். தென் பாதியில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை, அங்கே குளிர்காலம், மீன்கள் பல மைல் தூரத்திலிருந்து குறிப்பிட்ட மலைகளுக்கும் சரிவுகளுக்கும் வந்து சேரும், ஆண்டுக்காண்டு அதே இடம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு தரையிலிருந்து 200 மீட்டர் உயரத்துக்கு ஒரு தூண் மாதிரி நிற்கும். மைத்துனரிடம் யாரோ சொன்ன "மலை மாதிரிக் கூட்டம்" இதுதான், பொய் இல்லை. ஆனால் முட்டைக் கணக்கைப் பாருங்கள். கிலோ எடைக்குச் சில பத்தாயிரம் முட்டைதான். ஒரு மஞ்சள் துடுப்புச் சூரை ஒரு தடவைக்கே பத்து லட்சத்துக்கு மேல் விட்டுவிட்டு, அந்தப் பருவத்திலேயே திரும்பத் திரும்ப விடும். ரஃபியில் பெண் மீன்கள் எல்லாமே ஒவ்வொரு ஆண்டும் முட்டை விடுவதுகூட இல்லை. முட்டை மட்டும் கொஞ்சம் பெரிது, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வரும், மிதந்து மேலே ஏறி அப்புறம் இறங்கும். குஞ்சுகள் வலையில் கிடைப்பதே அபூர்வம்.

இனி வயது. இதைச் சொல்வதற்குக் கத்தாழை மீனை இழுக்க வேண்டும்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் கத்தாழை வாங்கினால் தலைக்குச் சண்டை நடக்கும், சதைக்காக இல்லை, கல்லுக்காக. வெந்த தலையைக் கையால் பிளந்தால் மூளைக்குப் பின்பக்கம் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு கல் வழுக்கிக்கொண்டு வரும், பால் வெள்ளை, ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் சொரசொர, பெரிய மீன் என்றால் பெருவிரல் நகம் அளவு. கழுவிக் காயவைத்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொள்வோம். அது காதுக்கல். மீன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, என்ன சத்தம் வருகிறது என்று உணர்வதற்கு எல்லா எலும்பு மீனுக்கும் உண்டு, கத்தாழைக்குப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். படிக்கப் போன பிறகுதான் அந்தக் கல்லைக் குறுக்காகத் துண்டாக்கி, காகிதம் மாதிரித் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் கீழிருந்து வந்ததும் நடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றி மரம் அறுத்த வெட்டில் தெரிவது போல வளையம் வளையமாக. தீப்பெட்டி தீப்பெட்டியாகப் பிறந்த நாள் கணக்கை வைத்துக்கொண்டு கோலிக்குண்டு மாதிரி உருட்டியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம் கடலில் பருவ வேறுபாடு குறைவு, அதனால் ஆண்டு வளையம் தெளிவாக விழாது. இளம் மீன்களில் தினசரி வளையத்தை எண்ணுவதும் உண்டு. ரஃபிக்குச் சிக்கல் வேறு மாதிரி. 1980களின் தொடக்கத்தில் இதுவும் மற்ற மீன் மாதிரிதான், இருபது முப்பது வருடம் இருந்தால் அதிகம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். கல்லைக் குறுக்கே வெட்டிப் பார்த்தவர்களுக்கு வளையம் எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது. நூறைத் தாண்டியது. யாரும் நம்பவில்லை, வெயிலும் பருவமும் தெரியாத ஆழத்தில் ஆண்டு வளையம் எப்படி விழும், இது வேறு ஏதோ கோடு என்றார்கள். நியாயமான சந்தேகம்தான்.

அதைத் தீர்த்தது கதிரியக்கம். மீன் கல்லை வளர்க்கும்போது கால்சியத்தோடு சேர்த்துக் கடல் நீரில் இருக்கும் ரேடியம்-226ஐயும் துளித்துளியாக உள்ளே பூட்டிவிடும். அது பல படிகளாகச் சிதைந்து ஈயம்-210 ஆகும். இந்த ஈயத்தின் அரை ஆயுள் 22 ஆண்டு. பூட்டிய கல்லுக்குள் ரேடியத்துக்கு ஈயம் எந்த விகிதத்தில் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் கல்லின் வயது வந்துவிடும், வளையத்தை எண்ண வேண்டிய அவசியமே இல்லை. 1991இல் ஆஸ்திரேலியாவில் இப்படி அளந்தபோது 38 முதல் 40 சென்டிமீட்டர் மீன்களுக்கு 77 முதல் 149 ஆண்டு வரை வந்தது. வளையம் சொன்னது சரிதான். 2021இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் ஒரு மீனுக்கு 230 முதல் 245 என்று மதிப்பிட்டார்கள். அது குஞ்சாக இருந்தபோது ராமநாதபுரத்தில் சேதுபதியைக் கும்பினிக்காரன் இன்னும் அரியணையிலிருந்து இறக்கவில்லை, அது நடந்தது 1795இல். மைத்துனர் தட்டில் வந்தது அவ்வளவு கிழமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைவிட மூத்ததாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

முதல் முட்டை விடவே 20 முதல் 40 ஆண்டு ஆகும். சாளை ஒரு வருடத்துக்குள் முட்டைக்குத் தயாராகி, இரண்டு மூன்று வருடத்தில் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும்.

இந்த வித்தியாசத்தை நம் மாவட்டத்துக்காரருக்குச் சொல்ல மீன் வேண்டாம், மரம் போதும். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுவிட்டு மூன்று வருடம் கழித்து வந்தால் பழையபடி நிற்கும். சாளை, கும்புளா எல்லாம் அந்தச் சாதி. பனங்காட்டை அப்படி வெட்டிப் பாருங்கள். சாயல்குடிப் பக்கம் பனை வளர்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், விதைத்தவன் பாளையைப் பார்க்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். ரஃபி பனைக்கும் அப்பாற்பட்டது. ஆண்டுக்கு இயற்கையாகச் சாவதே நூற்றுக்கு நாலைந்து மீன்தான் என்கிறபோது, அந்தக் கூட்டத்திலிருந்து நாம் எடுக்கக்கூடியதும் அந்த அளவை ஒட்டித்தான் இருக்க முடியும். அவர்கள் எடுத்தது அப்படி இல்லை.

1979 வாக்கில் நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் என்ற கடலடி மேட்டில் தொடங்கியது. சேரும் இடம் தெரிந்துவிட்டது, சேரும் மாதமும் தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன, வலையை இறக்கிச் சில நிமிடம் இழுத்தால் பத்துக்கணக்கான டன். வலை தாங்காமல் கிழிந்த கதைகள் உண்டு. 1989இல் டாஸ்மேனியாவுக்குக் கிழக்கே செயிண்ட் ஹெலன்ஸ் என்ற கடலடி மலையில் முட்டையிடும் கூட்டத்தைக் கண்டுபிடித்ததும் ஆஸ்திரேலியாவிலும் அதே ஓட்டம். 1990இல் உலக அளவில் பிடிப்பு 90,000 டன்னைத் தாண்டியது. அதுதான் உச்சம். ஒரு மலை காலியானதும் அடுத்த மலை, ஒரு நாடு முடிந்ததும் அடுத்த நாடு. நமீபியா 1990களின் நடுவில் தொடங்கி அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே சரிந்தது. நம் இந்தியப் பெருங்கடலிலும் நடந்தது, தெற்கே வெகுதூரத்தில், மடகாஸ்கருக்குத் தெற்கேயுள்ள கடலடி மலைகளில். 2000ஐ ஒட்டிக் கப்பல்கள் மொய்த்தன, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல், கேட்க ஆளில்லை, சில ஆண்டுகளில் முடிந்துவிட்டது. தெற்கு இந்தியப் பெருங்கடல் மீன்வள ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2012இல். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு மேளக்காரன் வந்த கதை.

இங்கேதான் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. மீன் குறைகிறது என்பதைப் பிடிப்பவன் ஏன் உணரவில்லை? நாம் எப்படி உணர்கிறோம்? போன வருடம் பத்துக் கூடை வந்த இடத்தில் இந்த வருடம் நாலு கூடை வருகிறது, அதுவும் சின்னதாக வருகிறது, அப்போது தெரிகிறது. காரல் வலையில் இந்தக் கணக்கு வேலை செய்யும், ஏனென்றால் காரல் பரவலாக மேய்கிற மீன், குறைந்தால் எல்லா இடத்திலும் குறையும். ரஃபி அப்படி இல்லை. லட்சம் மீன் இருந்தாலும் அந்த மலைக்குத்தான் வரும், பத்தாயிரம் மிஞ்சினாலும் அந்த மலைக்குத்தான் வரும், வந்து நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்கும். கூட்டத்தின் மேல் வலை விழுந்தால் வலை நிறையும். நேற்றும் நிறைந்தது, இன்றும் நிறைகிறது, நாளைக்குத் திடீரென்று ஒன்றும் இல்லை. ஊர்த் திருவிழாவில் தேர்முட்டியில் நின்று பார்த்துவிட்டு, ஊரில் ஜனத்தொகை குறையவே இல்லை என்று சொல்வது மாதிரி. வெளியூரில் இருப்பவனும் வந்து அங்கேதானே நிற்கிறான்.

வளர்ச்சி மெதுவாக இருப்பதால் அளவு சிறுத்துப்போவதும் உடனே தெரியாது. முப்பது வயதுக்கு மேல் மீன் நீளமாக வளர்வதே குறைவு, நாற்பது வயது மீனும் நூறு வயது மீனும் கூடையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் கண்ணால் பிரிக்க முடியாது.

எக்கோ சவுண்டர் வைத்து எண்ணலாமே என்பீர்கள். ஞாபகம் வைக்கச் சொன்ன பை இங்கே வருகிறது. ஒலி அலை மீனில் பட்டுத் திரும்புவது பெரும்பாலும் காற்றுப்பையில்தான். காற்றுள்ள மீன் திரையில் பளிச்சென்று விழும். ரஃபியின் பையில் மெழுகு, அதனால் எதிரொலி ரொம்ப மங்கல். அதே இடத்தில் காற்றுப்பை உள்ள சின்னச் சின்ன மீன்கள் கொஞ்சம் கலந்துவிட்டால் போதும், திரையில் பெரிய கூட்டம் மாதிரித் தெரியும், அதையெல்லாம் ரஃபி என்று எண்ணிவிட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். இப்போது பல அலைவரிசைகளில் பார்த்து, வலையோடு கேமராவும் இறக்கிப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஆரம்பத்தில் அந்த வசதி எல்லாம் இல்லை.

மடி இழுத்ததில் போனது மீன் மட்டும் இல்லை. அந்த மலைகளின் மேல் வெயிலே படாமல் வளரும் குளிர்நீர்ப் பவளம் உண்டு, சில நூற்றாண்டு வயதுள்ளவை. புது மலையில் முதல் சில இழுப்புகளில் மீனோடு பவளமும் டன் கணக்கில் ஏறியது, அடுத்தடுத்த இழுப்பில் குறைந்தது, ஏனென்றால் அங்கே மிச்சம் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி ஒரு காலத்தில் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏற்றியதைப் பார்த்த பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு என்ன ஆனது என்றால், நியூசிலாந்தில் சாலஞ்சர் மேட்டில் 2000இல் பிடிப்பை நிறுத்தி, 2010இல் சிறிய அளவோடு திரும்பத் திறந்தார்கள். ஆஸ்திரேலியா 2006இல் பாதுகாப்பைச் சார்ந்தே நிலைக்கக்கூடிய இனம் என்று பட்டியலில் சேர்த்தது. வணிகத்துக்காகப் பிடித்த ஒரு கடல் மீனை அந்த நாடு அப்படிச் சேர்ப்பது சின்ன விஷயம் இல்லை. 2016இல் நியூசிலாந்தின் 3 கூட்டங்களுக்கு நீடித்த மீன்பிடிப்பு என்று சர்வதேசச் சான்று கிடைத்தது, சுற்றுச்சூழல் அமைப்புகள் அதை ஏற்காமல் சண்டை போட்டன. என்னைக் கேட்டால், 30 வயதில் முட்டை விடும் மீன் தேறிவிட்டதா இல்லையா என்று பத்துப் பதினைந்து வருடத்தில் தீர்ப்பு எழுதுவது அவசரம்.

சாப்பிடலாமா என்றால், சாப்பிடலாம், விஷம் இல்லை. ஆனால் நூறு வருடம் பிற உயிர்களைத் தின்று வாழ்ந்த மீனில் பாதரசம் சேர்ந்துகொண்டே வரும், அதனால் கர்ப்பிணிகள் இதை அளவோடு சாப்பிட வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அரசே சொல்கிறது. மைத்துனர் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். ருசி? லேசான இனிப்பு, வாசம் குறைவு. நம் விளமீனைச் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது என் கட்சி.

நம் கடலில் ஏன் இல்லை? வட இந்தியப் பெருங்கடலில், அரபிக் கடலிலும் வங்காள விரிகுடாவிலும், ஏறக்குறைய 200 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. மேலே உற்பத்தி அதிகம், செத்து விழுவதெல்லாம் கீழே இறங்கும்போது அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். வடக்கே நிலம் அடைத்துக்கொண்டிருப்பதால் துருவத்திலிருந்து வரும் புதிய குளிர்நீர் சுற்றிக்கொண்டு வந்து சேரவும் காலம் ஆகும். ரஃபிக்குப் பிடித்த ஆழத்தில் பாதி அந்த அடுக்கிலேயே மாட்டுகிறது. ஓட்டத்தை எதிர்த்து நின்று வாழும் கெட்டிச் சதை மீனுக்கு அங்கே மூச்சு முட்டும். கீழே எதுவுமே இல்லை என்று அர்த்தம் இல்லை. விளக்கு மீன்கள் ஏராளம். பகலில் கீழே, இரவில் மேலே என்று தினமும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறி இறங்கும். கொல்லத்துக்கு மேற்கேயும் தூத்துக்குடிப் பக்கமும் ஆழ்கடல் சிவப்பு இறால் பிடிக்கிறார்கள். ரஃபியின் அதே பேரினத்தைச் சேர்ந்த சிறிய மீன்களும் கேரளக் கரைக்கு அப்பால் ஆய்வுக் கப்பல்களின் வலையில் வந்திருக்கின்றன.

படத்துக்கு வருகிறேன். இரண்டு சந்தேகம் எனக்கு. ஒன்று, பெரிய கண்ணுள்ள அந்த வழக்கமான சிவப்பு மீன். நூறு இருநூறு மீட்டரில் இழுவைப் படகுகளுக்கு அள்ளிக்கொண்டு வருமே, அது. இன்னொன்று, நிஜமாகவே சளித்தலையன் குடும்பத்துச் சிறுவன். படத்தில் மீன் ஐஸுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது, வயிற்று விளிம்பு தெரியவில்லை. அடுத்த தடவை நண்பரிடம் சொல்லி வயிற்றின் அடியில் வாலை நோக்கி விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ரம்பப் பல் மாதிரி தடித்த செதில் வரிசை தட்டினால், தலைத்தோலை நகத்தால் அமுக்கியதும் குழி விழுந்து சளி கசிந்தால், இரண்டாவதுதான். மொத்தமும் சொரசொரவென்று பொடிச் செதிலாக இருந்து தலை கெட்டியாக இருந்தால் முதலாவது. எதுவாக இருந்தாலும் எந்த இடத்தில், எத்தனை பாகத்தில் மடி விட்டது என்று டிரைவரிடம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளட்டும். மீனைக் குழம்பு வைத்துக்கொள்ளுங்கள், தலையை மட்டும் பூனைக்குப் போட்டுவிடாமல் ஐஸில் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டால் பாம்பனில் நான் வாங்கிக்கொள்கிறேன், கல்லை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு வளையம் எத்தனை என்று சொல்கிறேன்.